பின் சீட்டுக் கண்ணாடி முழுசாக இறங்க வேண்டும்

கண்ணு, நீ அனுப்பிய மூன்று வண்டிப் படங்களையும் பார்த்தேன். மூன்றும் வேண்டாம். இதைப் போனில் சொன்னால் "சரிம்மா, மீட்டிங்ல இருக்கறேன், பொறவு பேசறேன்" என்று வைத்துவிடுவாய். நேரில் சொன்னால் உன் அப்பா நடுவில் புகுந்து "விடு புள்ள, அவன் சம்பாதிக்கறான், அவன் வாங்கறான்" என்று என் வாயை அடைத்துவிடுவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. மங்கலம் ரோட்டுக்காரர் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது. அவருக்கு இது படித்துத் தெரியக் கூடாது, நேரில் நடக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷோரூமில் நான் உன் மானத்தை வாங்கிவிட்டதாக வருகிற வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். நான் என்ன செய்துவிட்டேன்? வருஷக்கணக்காகப் பனியனை உள்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துச் செக்கிங் செய்தவள், சீட் உறையின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தேன். கை தானாகப் போகிறது, அதற்கு நான் பொறுப்பில்லை. பிறகு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினேன். பாதியில் நின்றுவிட்டது. அந்த விற்பனைக்காரத் தம்பி ஓடி வந்து, "அவ்வளவுதானுங்கம்மா எறங்கும். கொழந்தைங்க தலைய நீட்டக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்கறாங்க" என்றார். "நான் கொழந்தை இல்லீங்களே தம்பி" என்றேன். "ஏசி இருக்குதுங்கம்மா, கண்ணாடிய எதுக்குங்க எறக்கோணும்?" என்று அவர் கேட்டார். நான் இறங்கிவிட்டேன். இரண்டாவது வண்டியில் கண்ணாடி முழுசாக இறங்கியது, ஆனால் பட்டன். சாவியை எடுத்துவிட்டால் பட்டன் வேலை செய்யுமா என்று கேட்டேன், செய்யாது என்றார். அதிலிருந்தும் இறங்கிவிட்டேன். மூன்றாவது, நீ ஆசைப்பட்ட உயரமான வண்டி. அதில் நான் ஏறவே இல்லை, உனக்கு ஞாபகம் இருக்கும்.

எனக்குப் பிடித்த வண்டி அங்கே ஓரமாகச் சுவரையொட்டி நின்றது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருப்பதிலேயே சின்னது, அதிலும் ஒன்றுமே சேர்க்காத மாடல். அந்தத் தம்பி தயங்கித் தயங்கி, "இது டாக்ஸிக்குத்தானுங்கம்மா எடுப்பாங்க. பின்னாடி கண்ணாடிக்குக் கைப்பிடிதானுங்க, சுத்தித்தான் எறக்கோணும்" என்றார். சுற்றினேன். ஐந்தாறு சுற்றில் கண்ணாடி கதவுக்குள் முழுசாகப் போய் ஒளிந்துகொண்டது. திரும்பச் சுற்றினேன், சத்தமில்லாமல் மேலே வந்தது. சாவி வேண்டாம், கரண்ட் வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். என் மனசில் அப்போதே புக்கிங் ஆகிவிட்டது.

இந்த வண்டிதான் சரி என்று சொல்ல எனக்கு ஊருக்குச் சொல்லக்கூடிய காரணங்கள் நிறைய இருக்கின்றன. இன்றைக்கு மங்கலம், நாளைக்கு பல்லடம், மறுநாள் வெள்ளகோவில் என்று கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சரக்கைப் பார்த்துப் பாஸ் போடுகிற வேலை உனக்கு. பல்லடத்தில் பிரைவேட் பஸ்காரன் முட்டிக்கொண்டு வரும்போது ஒதுங்குவதற்குச் சின்ன வண்டிதான் தோது. மைலேஜ் நன்றாகத் தரும், டயரும் பேட்டரியும் மலிவு, எந்தச் சந்தில் இருக்கிற மெக்கானிக்கும் கழற்றி மாட்டுவார். நம் வீட்டு முன்னால் நிறுத்தினாலும் எதிர்வீட்டுக்காரர்கள் ஸ்கூட்டர் எடுக்க வழி இருக்கும். இதெல்லாம் உண்மைதான். யாராவது கேட்டால் இதையே சொல்லிக்கொள். ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுத்தது இதற்காக அல்ல, பழி தீர்ப்பதற்காக. எனக்கு இதைச் சொல்ல வெட்கமாக இல்லை.

நமக்கு முன்பு ஒரு பெரிய வண்டி இருந்ததே, காப்பிப்பொடி நிறத்தில், அதன் இடது பக்கத்தில் முழ நீளத்துக்குப் பச்சைக் கீறல் ஒன்று இருந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆறாம் வகுப்புப் படித்தாய் அப்போது. ஸ்கூலிலிருந்து வந்ததும், "இது என்னப்பா பச்சை?" என்று கேட்டாய். அப்பா சுவர் உரசிவிட்டது என்றார். சுவருக்கு யாராவது அந்தப் பச்சையில் பெயின்ட் அடிப்பார்களா? அது மங்கலம் ரோட்டுக்காரர் கம்பெனி கேட்டின் பெயின்ட். பிறகு ஊரார் வாயால் அரைகுறையாகக் கேட்டிருப்பாய், முழுசாக இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அவர் எனக்குப் பெரியப்பா மகன். அண்ணன் முறை, உனக்கு மாமன். பெயரை எழுத என் கை வரவில்லை, அதனால் மங்கலம் ரோட்டுக்காரர் என்றே எழுதுகிறேன். அந்தக் காலத்தில் நாம் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, எட்டுத் தையல் மெஷினை வைத்து, பெரிய கம்பெனிகளிடம் துணி வாங்கித் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் கம்பெனி வேலை கிடைத்தால் வருஷம் பூரா மெஷின் நிற்காது. அதற்காக நானும் அப்பாவும் சாம்பிள் பையோடு ஸ்கூட்டரில் எத்தனை முறை போயிருப்போம். அந்தக் கேட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கார் வந்தால் இரண்டு கதவும் அகலத் திறக்கும், வாட்ச்மேன் சல்யூட் வைப்பார். ஸ்கூட்டரில் வந்தால் வண்டி வெளியே, வேப்பமரத்தடியில். நோட்டில் பெயர் எழுதிவிட்டு நிற்க வேண்டும். கூப்பிட்டால் ஆள் மட்டும் பக்கத்துக் குட்டிக் கதவு வழியாகக் குனிந்து போக வேண்டும். எங்களைப் பெரும்பாலும் கூப்பிடவே மாட்டார்கள். ஒருநாள் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றோம். "ஏனுங்க, அண்ணன்கிட்டச் சொன்னீங்களா, தங்கச்சி வந்திருக்குதுன்னு?" என்று நான் வாட்ச்மேனைக் கேட்டேன். "சொல்லியாச்சுங்கம்மா, சரக்கு வாங்கற பையர் வந்திருக்கறாருங்களாம்" என்றார். கேட் இடுக்கு வழியாகப் பார்த்தால், அண்ணன் முன்வாசலில் நின்று ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

அங்கேதான் நாங்கள் தப்புச் செய்தோம். இந்த ஊரில் தொழில் செய்கிறவர்கள்தான் செய்வார்கள் அப்படி ஒரு தப்பு. மெஷின் வாங்குவதற்குப் பதிலாகக் கேட் திறப்பதற்காக வண்டி வாங்கினோம். எட்டு மெஷினில் நான்கு ஓவர்லாக் மெஷினை விற்று, யாரோ ஓட்டித் தேய்த்த அந்தப் பெரிய வண்டியை வாங்கினோம். யோசனை அப்பாவுடையது அல்ல, என்னுடையது. இத்தனை வருஷமாக அவருடையது என்றே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், நானும் அதை மறுக்காமல் இருந்துவிட்டேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். "வண்டிய வெச்சா மருவாதி குடுப்பாங்க?" என்று கேட்டார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்த வண்டிக்குப் பின் கண்ணாடி இறங்காது, பட்டன் செத்துக் கிடந்தது. பின் கதவின் உள்பிடியும் உடைந்திருந்ததால் வெளியே இருந்து யாராவது திறந்துவிட வேண்டும். அப்பாவுக்கோ முன்னால் ஓட்ட வந்ததே தவிர ரிவர்ஸ் பிடிபடவில்லை. இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் ஒரு புதன்கிழமை காலை மங்கலம் ரோட்டுக்குக் கிளம்பினோம். சாம்பிள் மடிப்புக் கலையாமல் இருக்க முன் சீட்டில் வைத்தேன். நான் பின்னால் உட்கார்ந்தேன், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு.

கேட் திறந்தது. இரண்டு கதவும் அகலமாக. வாட்ச்மேன் சல்யூட் வைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வண்டி உள்ளே போய் முன்வாசலில் நின்றதும், பையர்தான் வந்துவிட்டார் என்று நினைத்து அண்ணனே இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு படியிறங்கி வந்தார். அப்பா கதவைத் திறந்து இறங்கினார். கூப்பிய கை அப்படியே கீழே போனது. "ஏனப்பா, நீயா?" என்றார். அவ்வளவுதான். அப்பா சாம்பிள் பையை எடுக்கக் குனிந்தார், அதற்குள் அவர் வாட்ச்மேனைக் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டார். டீ நேரம், முற்றம் நிறைய டம்ளரோடு ஆட்கள். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "இனிமே வண்டியப் பாத்து கேட்டத் தொறக்காதீங்க. ஆளப் பாத்துத் தொறங்க."

நான் உள்ளே இருந்தேன், கண்ணு. பட்டனை அழுத்தினேன், அழுத்தினேன், கண்ணாடி அசையவில்லை. கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, தலையில் இருந்த பூவெல்லாம் மடியில் விழுந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை, என் வாய் அசைவது மட்டும் தெரிந்திருக்கிறது. கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிற மீனைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திருப்ப இடமில்லாமல் லாரி நின்றது. அப்பா அந்த நீளப் பாதை முழுக்க ரிவர்ஸில் வர வேண்டியதாயிற்று. முதலில் ஒரு பூந்தொட்டி உடைந்தது. வாட்ச்மேன் "வரட்டும், வரட்டும், ஒடிங்க, இந்தப்பக்கம் ஒடிங்க" என்று கையைக் காட்டினார். டம்ளரோடு நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் கேட்டில் உரசிக்கொண்டு வெளியே வந்தோம். அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து என் பக்கக் கதவைத் திறந்துவிட்டு, "எறங்கு புள்ள" என்றார், அவ்வளவுதான்.

மிச்சக் கதை உனக்குத் தெரியும். நான்கு மெஷினை வைத்துக்கொண்டு பிழைக்க முடியவில்லை. ஷெட்டைப் பூட்டினோம், வண்டியையும் விற்றோம். அப்பா இன்னொருவர் கம்பெனியில் டெய்லராகப் போனார், நான் செக்கிங் செய்து கொடுக்கிற ஒரு இடத்தில் சேர்ந்தேன். உனக்குத் தெரியாத ஒன்று அங்கே நடந்தது, அதை இப்போது சொல்லிவிடுகிறேன். ஒருநாள் மங்கலம் ரோட்டுக்காரர் கம்பெனிப் பீஸ் எங்கள் மேஜைக்கு வந்தது. குழந்தைகள் போடுகிற பனியன். ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது என்று எதைப் பார்த்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அன்றைக்கு நான் ஸ்டிக்கரைத் தொடவே இல்லை. விரல் நுழைகிற ஓட்டையைக்கூட மடித்து நல்ல பீஸோடு அடுக்கினேன். அடுக்க அடுக்க மனசு நிறைந்தது. பெட்டி திரும்பி வரும், அவர் மூக்கு உடையும் என்று நாள் கணக்காகக் காத்திருந்தேன்.

பெட்டி திரும்பித்தான் வந்தது. அவர் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. செக்கிங் சரியில்லை என்று ஒரு போன் போட்டுவிட்டு வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் முதலாளி அந்த மேஜையில் இருந்தது யார் என்று பார்த்தார். அது செல்வியின் மேஜை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு பிழைக்க வந்தவள், நான் அன்றைக்கு அவளுக்கு ஒத்தாசைக்குத்தான் உட்கார்ந்திருந்தேன். அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் என்னிடம் வந்து, "எக்கா, நான் ஒழுங்காத்தான பாத்தேன், நீங்க சொல்லுங்கக்கா" என்றாள். நான் குனிந்து பீஸைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த வாரமே ஊருக்குப் பஸ் ஏறினாள். அவர் மேல் எறிந்தேன், செல்வி மேல் விழுந்தது. அந்த ஒரு விஷயத்துக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க முடியாது, அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். அடுத்த மாசம் அவர் கம்பெனிச் சரக்கு உன் பார்வைக்கு வருகிறது என்று சொன்னாய். "ஒரே ஒரு ரிமார்க் போதும்மா, ஷிப்மென்ட் நின்னுரும்" என்றாய். பொய் சொல்ல மாட்டேன், கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உலை கொதிப்பதை மறந்துவிட்டு ஸ்டவ் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பிறகு செல்வி ஞாபகம் வந்தாள். அந்த ஷிப்மென்ட் நின்றால் அவர் வீட்டில் அடுப்பு அணையாது. உள்ளே உட்கார்ந்து தைக்கிறவர்கள் வீட்டில்தான் அணையும். ஆகவே நன்றாகக் கேட்டுக்கொள். பீஸ் நன்றாக இருந்தால் பாஸ் போடு. கெட்டுப்போயிருந்தால், வேறு எந்தக் கம்பெனிக்குச் செய்வாயோ அதையே செய். உன் பேனாவில் என் கோபத்தை ஊற்றாதே. என் பழி அவர் ஒருவர் மேல் மட்டும் விழ வேண்டும். அதற்குத்தான் நான் வண்டி பார்த்திருக்கிறேன்.

நீயும் என் பிள்ளைதான், அதனால் உனக்கும் ஒரு திட்டம் இருக்கிறது என்று தெரியும். உயரமான வண்டியில் போய் அந்தக் கேட்டில் ஹாரன் அடிக்க வேண்டும், அது அகலத் திறக்க வேண்டும், அவர் படியிறங்கி வர வேண்டும். அதற்காக எத்தனையோ வருஷத்துக்குத் தவணை கட்டவும் துணிந்துவிட்டாய். நான் நான்கு ஓவர்லாக் விற்று வாங்கிய அதே வண்டியைத்தான் நீ திரும்ப வாங்கப் பார்க்கிறாய், கண்ணு. பெரிய வண்டியில் போனால் கேட் வண்டிக்குத்தான் திறக்கும். அவர் மறுபடியும் அதையே சொல்ல முடியும். சின்ன வண்டியில் போ. டாக்ஸிக்கு எடுக்கிற மாடலில் போ. அப்போது திறந்தால் அது உனக்குத் திறந்தது.

உன் அப்பா எல்லாவற்றையும் மறந்துவிட்டார் என்கிறார். "பழசு, விடு புள்ள, அவுங்களுக்கும் வயசாயிருச்சு" என்கிறார். மன்னிப்பது அவர் குணம், அதில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் ஷோரூமிலிருந்து வந்த அன்றைக்கு, நீ குளிக்கப் போன பிறகு, அவர் என்னிடம் வண்டியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். விலை கேட்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை, நிறம் கேட்கவில்லை. "ரிவர்ஸ் எடுக்கச் சுளுவா இருக்குமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகும் நான் மன்னிக்க வேண்டுமா, நீயே சொல்.

ஆகவே அடுத்த மாசம் நீ அவர் சரக்கைப் பார்க்கப் போகிற அன்றைக்கு நடக்க வேண்டியது இதுதான். காலை பத்தரைக்குப் போ, டீ நேரம் அதுதான். என்னைப் பின் சீட்டில் ஏற்றிக்கொள். சரக்கு பார்க்கப் போகும்போது அம்மாவைக் கூட்டிப் போவதா என்று கூச்சப்படாதே, மூட்டு வலிக்கு டாக்டரிடம் போகிற வழி என்று வைத்துக்கொள். கேட்டில் ஹாரன் அடிக்காதே. வண்டியின் அளவைப் பார்த்ததும் அந்த வடநாட்டு செக்யூரிட்டி வேப்பமரத்தைக் கை காட்டுவார். அங்கேயே நிறுத்து, அப்பாவின் ஸ்கூட்டர் நின்ற அதே இடத்தில். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கு. நோட்டில் இனிஷியலோடு பெயர் எழுது, அந்த இனிஷியல் யாருடையது என்று அவருக்குத் தெரியும். உள்ளே போன் போகும். பாஸ் போடுகிற ஆளை வெயிலில் நிறுத்த யாருக்கும் துணிச்சல் வராது. அவரே ஓடி வருவார், கேட் இரண்டு பக்கமும் திறக்கும், வண்டியை உள்ளே கொண்டு வரச் சொல்வார். கொண்டு போகாதே. "இருக்கட்டுங்க மாமா, அம்மா வண்டில இருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, திறந்து கிடக்கிற அந்தப் பெரிய கேட் நடுவில் நீ மட்டும் நடந்து போ. குட்டிக் கதவு வழியாகப் போகாதே.

அதற்குமேல் அவருக்கு வழி இல்லை. தங்கச்சி முறைக்காரி வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும்போது, எதிரியாக இருந்தாலும் கிட்டே வந்து "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பினால் நம் சனத்தில் தலை காட்ட முடியாது. சரக்கு பாஸ் ஆகும்வரை மருமகன் முன்னால் கேட்கவே வேண்டாம். அந்தக் கேட்டைத் தாண்டி, அந்த மரத்தடிக்கு, என் ஜன்னலுக்கு, அவர் நடந்து வந்தே ஆக வேண்டும். "வா அம்மிணி, ஏன் இங்கயே உக்காந்துட்டே, உள்ள வா" என்பார். நான் கைப்பிடியைச் சுற்றுவேன். ஐந்தாறு சுற்று, கண்ணாடி முழுசாக இறங்கும். "நல்லா இருக்கறீங்களாண்ணா?" என்று கேட்பேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்க மாட்டேன். பிறகு, இத்தனை வருஷமாகத் தொண்டைக்குள் இருப்பதை, வேடிக்கை பார்க்க டீ டம்ளரோடு கேட் வரை வந்து நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி நிதானமாகக் கேட்பேன்: "ஏனுங்கண்ணா, இன்னைக்குக் கேட்ட வண்டியப் பாத்துத் தொறந்தீங்களா, ஆளப் பாத்துத் தொறந்தீங்களா?"

அவர் ஏதாவது பதில் சொல்வார். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அவர் வாயைத் திறக்கும்போது நான் கைப்பிடியைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய உதடு அசைவதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா